பிந்தி அகலும் பனிக்கட்டி: நீண்ட குளிர்காலமும் ஏரி மீன்பிடியும்

மீன்பிடித் தொழில் எங்கும் பருவத்துக்குக் கட்டுப்பட்டது. எமது கரைகளில் எக்காலத்தில் எப்பக்கத்துக் கடலில் வள்ளம் இறக்கலாம் என்பதை வாடையும் சோளகமும் தீர்மானிக்கின்றன. வட அமெரிக்காவின் உள்நாட்டு ஏரிகளில் இத்தீர்மானத்தைச் செய்வது பனிக்கட்டி. ஆண்டில் நான்கைந்து மாதங்கள் நீரின் மேற்பரப்புத் திண்மமாகிவிடும் ஒரு சூழலில், அது எப்போது உறைகிறது, எவ்வளவு தடிக்கிறது, எப்போது அகலுகிறது என்பவை மீனின் வாழ்வையும் மீன்பிடிப்போரின் வாழ்வையும் வரையறை செய்கின்றன. அப்பனிக்கட்டி வழக்கத்திலும் இரண்டு மூன்று வாரங்கள் பிந்தி அகலுமாயின் யாது நிகழும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மீன்பிடி கெடும் என்பதே முதலில் தோன்றும் விடையாகும். அது பாதி உண்மை மட்டுமே. மீன்பிடிப்போனுக்கு நட்டமான ஆண்டு மீனுக்கும் நட்டமான ஆண்டாக இருக்கவேண்டும் என்ற நியதியில்லை. பல வேளைகளில் நிலைமை நேர்மாறானது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று நிற்கிறது. அது சட்டத்தின் நாட்காட்டி. ஏரி தன் நாட்காட்டியை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்கிறது. சட்டமோ தன் திகதியில் உறுதியாக நிற்கிறது. இம்முரண்பாட்டினால் உண்டாகும் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மில் லாக்ஸ் ஏரியை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராயலாம். 2013 ஆம் ஆண்டின் வசந்தம் அவ்வேரியில் இம்மூன்றையும் ஒருங்கே வெளிப்படுத்திற்று.

பனிக்கட்டியின் தோற்றமும் அழிவும்

நன்னீர் 4 பாகை செல்சியசில் மிகக் கூடிய அடர்த்தியை அடைகிறது. இலையுதிர்காலத்தில் ஏரி குளிரும்போது மேல்நீர் கனத்துக் கீழிறங்கும், கீழ்நீர் மேலெழும். முழு ஏரியும் 4 பாகையை அடைந்தபின் இச்சுழற்சி நின்றுவிடுகிறது. அதற்குமேற் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கி உறைகிறது. உறைந்த பனிக்கட்டியோ நீரிலும் ஏறத்தாழ 9 சதவீதம் இலேசானது, ஆகவே மிதக்கிறது. மீன்கள் குளிர்காலத்தைக் கடக்க முடிவது இவ்வியல்பினாலேயே. மேலே பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிர் வீசினும், அடியில் நீர் நீராகவே இருக்கிறது.

பனிக்கட்டி தடிக்கும் வேகம் பற்றி ஒஸ்திரிய பௌதிகவியலாளர் யோசப் ஸ்டெபான் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விதியை வகுத்தார். குளிரின் அளவையும் நாட்களின் எண்ணிக்கையையும் பெருக்கிச் சேர்த்தால் வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே தடிப்பு வளரும் என்பது அதன் சாரம். அதாவது தடிப்பை இரு மடங்காக்குவதற்கு நான்கு மடங்கு குளிர் வேண்டும். தான் உண்டாக்கிய பனிக்கட்டியே மேலும் குளிர் இறங்குவதைத் தடுக்கிறது. அதன்மேல் வெண்பனி பொழிந்துவிட்டாலோ தடை பன்மடங்காகும். புதிய வெண்பனி கம்பளிப் போர்வைபோல் வெப்பத்தைக் கடத்தாது. எனவே மிகுந்த வெண்பனி பொழிந்த குளிர்காலத்தில், கடுங்குளிர் நிலவியபோதும், பனிக்கட்டி எதிர்பார்த்த அளவு தடிக்காமற் போவதுண்டு. வெண்பனி நனைந்து மீண்டும் உறைவதால் உண்டாகும் வெள்ளைப் பனிக்கட்டி, தெளிந்த பனிக்கட்டியின் பாதியளவு வலிமையே உடையது. ஒருவர் நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் இருத்தல் வேண்டும் என்பது மினசோட்டா அதிகாரிகள் கூறும் அளவு. தடிப்பையும் நிறத்தையும் பார்த்தறியாது குளிரை மட்டும் நம்பி ஏரிக்குட் சென்று உயிரிழப்போர் அங்கு ஆண்டுதோறும் உளர்.

கடுமையான குளிர்காலம், நீண்ட குளிர்காலம், பிந்தி அகலும் பனிக்கட்டி ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்பது இங்கு கருத்திற் கொள்ளத்தக்கது. வசந்தத்தில் முதலில் வெண்பனி கரையவேண்டும். அது இருக்கும்வரை சூரிய ஒளியின் பெரும்பகுதி தெறித்துத் திரும்பிவிடும். வெண்பனி நீங்கியபின் ஒளி பனிக்கட்டியினுட் புகுந்து, படிகங்களின் இடைவெளிகளை உருக்கி, அதை மெழுகுதிரிகளை நிறுத்தி அடுக்கினாற்போன்ற உருவுக்குக் கொண்டுவருகிறது. தடிப்பு மிகக் குறையாதபோதும் வலிமை போய்விடும். இறுதியில் ஒரு பலத்த காற்று ஓரிரு நாளில் ஏரியைத் திறந்துவிடும். ஆகவே பனிக்கட்டி எப்போது அகலும் என்பதைத் தீர்மானிப்பது சனவரியின் கடுங்குளிரிலும் மேலாக ஏப்பிரல் மாதத்தின் வெயிலும் காற்றுமே ஆகும்.

2013 ஆம் ஆண்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதற்கு முந்திய குளிர்காலத்தின் மைய மாதங்கள் மினசோட்டாவில் அசாதாரணமான கடுமையுடையனவல்ல. ஆனால் வசந்தம் வரவில்லை. மாநிலத்தின் வடகிழக்கிலுள்ள டுலூத் நகரில் அவ்வாண்டு ஏப்பிரலில் மட்டும் 50.8 அங்குல வெண்பனி பொழிந்தது. அதுவரை அந்நகரில் எந்த ஒரு மாதத்திலும் அவ்வளவு பொழிந்ததாகப் பதிவில்லை. உருகவேண்டிய காலத்தில் ஏரிகள் புதிய போர்வையைப் போர்த்துக்கொண்டன. இதற்கு முந்திய 2012 ஆம் ஆண்டிலோ மார்ச் மாதத்தின் வழமைக்கு மாறான வெப்பத்தினாற் பல ஏரிகள் மிக முந்தித் திறந்திருந்தன. அடுத்தடுத்த ஈராண்டுகள் இரு எதிர்முனைகளாக அமைந்தன.

மே 11

மில் லாக்ஸ் மினசோட்டாவின் நடுப்பகுதியிற் கிடக்கும் பேரேரி. பரப்பு ஏறத்தாழ 132,000 ஏக்கர். மிக ஆழமான இடமும் 13 மீற்றர் மட்டுமே. அகன்று ஆழங்குறைந்த இவ்வேரியின் முதன்மையான மீன் வோலாய். இருளில் ஒளி பட்டால் விளக்குப்போல் மின்னும் கண்ணையுடைய இவ்வேட்டைமீன், மங்கலான ஒளியில் இரைதேடுவதிற் சிறந்தது. சுவையால் அப்பிரதேச மக்கள் பெரிதும் விரும்புவது. ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகள், வள்ளம் வாடகைக்கு விடுவோர், வழிகாட்டிகள், இரைப்புழுவும் இரைமீனும் விற்கும் கடைகள் அனைத்தும் இந்த ஒரு மீனை நம்பியே நிற்கின்றன.

மினசோட்டாவின் சட்டப்படி வோலாய் மீன்பிடி பெப்ரவரி இறுதியில் மூடப்படுகிறது. மீண்டும் திறப்பது மே மாத இறுதியில் வரும் நினைவு தின விடுமுறைக்குரிய சனிக்கிழமைக்கு இரு வாரம் முந்திய சனிக்கிழமை. முட்டையிடும் காலத்தில் மீனைக் காப்பதே இவ்விடைவெளியின் நோக்கம். வழக்கமான ஆண்டுகளில் மில் லாக்ஸ் ஏரியின் பனிக்கட்டி ஏப்பிரல் பிற்பகுதியில் அகன்றுவிடும். மீன் முட்டையிட்டு முடித்துப் பசியோடு திரியும் வேளையிற் பருவம் திறக்கும். திறப்பு நாள் அம்மாநிலத்தில் ஏறக்குறைய ஒரு திருவிழா.

2013 இல் அந்நாள் மே 11 ஆக வந்தது. அன்று மில் லாக்ஸ் ஏரியின் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்தது. வடக்கிலுள்ள பல ஏரிகளின் நிலையும் அதுவே. சட்டம் ஏரியைத் திறந்தது, ஏரி திறக்கவில்லை. மேலும் அதே நாளில் வீசிய பலத்த காற்று, நொய்ந்த பனிக்கட்டிப் பாளத்தைத் தென்கிழக்குக் கரையை நோக்கித் தள்ளிற்று. பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றேறி, நீரைக் கடந்து, புற்றரையைக் கடந்து, இசாற்றிஸ் என்னும் விடுதிப் பகுதியின் வீட்டுக் கதவுகளையும் சாளரங்களையும் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தன. இதற்கு முந்திய நாள் கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் டோபின் ஏரிக்கரையிலும் இவ்வாறே நிகழ்ந்து வீடுகள் பல அழிந்தன. பரப்பெங்கும் திரண்ட பனிக்கட்டி பிந்தி நிற்கையில், கரையோரம் மட்டும் உருகி நீர்வெளி உண்டாகிறது. பாளம் நகர்வதற்கு அவ்வெளி இடங்கொடுக்கிறது. எஞ்சியதைக் காற்றுச் செய்கிறது.

பனிக்கட்டி நீண்டு நின்றால் பனிக்கட்டிமேல் மீன்பிடிப்போருக்காவது நயம் உண்டாகாதா என ஒருவர் கேட்கலாம். குளிர்காலத்தில் இவ்வேரியின்மீது ஒரு சிற்றூரே எழும். எமது கரையோர வாடிகளை ஒத்த சிறு கொட்டில்களை இழுத்துவந்து நிறுத்தி, உள்ளே அடுப்பு மூட்டி, பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் இறக்குவர். ஆனால் இங்கும் சட்டத்தின் நாட்காட்டியே குறுக்கிடுகிறது. கொட்டில்கள் உருகும் பனிக்கட்டியோடு ஏரியில் மூழ்காதிருக்க, மார்ச் மாதத்தின் குறித்த திகதிக்குள் அவற்றை அகற்றவேண்டும். வோலாய்ப் பருவமோ பெப்ரவரியுடன் முடிந்துவிட்டது. ஆகவே மார்ச் நடுப்பகுதிக்குப் பின் நீளும் ஒவ்வொரு வாரமும், பேர்ச் முதலிய சிறுமீன் தேடும் சிலரைத் தவிர, எவருக்கும் பயன்படாத வாரம். வாகனம் செல்ல முடியாதபடி நொய்ந்த பனிக்கட்டி; வள்ளம் செல்ல முடியாதபடி கெட்டியான பனிக்கட்டி. விடுதி உரிமையாளன் இந்நட்டத்தை அடுத்த ஆண்டின் வருவாயில் ஈடுசெய்ய முயலலாம். வாரக் கூலிக்கு அறை துடைப்பவளுக்கும் வள்ளம் செலுத்துபவனுக்கும் இழந்த வாரம் இழந்ததே.

பனிக்கட்டியின் கீழே

இனி மீனின் பக்கத்தை நோக்குவோம். நீண்ட குளிர்காலம் மீனுக்கு இழைக்கும் பெருந்தீங்கு மூச்சு முட்டல். பனிக்கட்டி மூடிய ஏரிக்கு வளியிலிருந்து ஒட்சிசன் கிடைக்காது. தெளிந்த பனிக்கட்டியூடாக ஓரளவு ஒளி புகுமாயின் நீர்த்தாவரங்கள் ஒளித்தொகுப்பினாற் சிறிதளவு ஒட்சிசனை ஆக்கும். அதன்மேல் வெண்பனி தடித்துவிட்டால் அதுவும் நின்றுபோம். பின்னர், இலையுதிர்காலத்தில் நீர் தன்னுட் கரைத்து வைத்துக்கொண்ட ஒட்சிசனே, குதிரிலிட்ட நெல்லைப்போல, வசந்தம்வரை போதவேண்டும். மீன்கள் உண்பதிலும் மிகுதியாக அக்குதிரைக் காலிசெய்வன சேற்றில் அழுகும் தாவரங்களும் அவற்றைச் சிதைக்கும் பற்றீரியாக்களுமாகும்.

ஆழமான ஏரிக்குக் குதிர் பெரிது. ஆழங்குறைந்து, களை மலிந்து, விவசாய நிலத்தின் பசளைகள் கழுவி வந்து சேரும் ஏரிக்கோ குதிர் சிறிது, உண்போர் அதிகம். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ் ஒட்சிசன் குறையும்போது பாஸ், புளூகில் முதலிய மீன்கள் முதலில் இறக்கின்றன. பைக், பேர்ச் என்பன சற்றுத் தாங்கும். சேற்றுக் கெளிற்றினம் கடைசிவரை பிழைக்கும். பனிக்கட்டி அகலும் நாளிற் கரையெங்கும் வெள்ளை வயிறுகள் மிதப்பதைக் கண்டபின்னரே இவ்வழிவு தெரியவரும். வெண்பனி முந்திப் பொழிந்து பனிக்கட்டி பிந்தி அகலும் ஆண்டே இவ்வகையிற் கொடியது. இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லி அமைவது பொருந்தாது. அதே குளிர்காலத்தில், பசளை வந்து சேராத ஏரியின் மீன் பிழைக்கிறது. பசளை சேர்ந்த ஏரியின் மீன் மடிகிறது.

எனினும் இம்மாள்விலும் ஒரு முரண் உண்டு. குளிர்காலத்திற் பெருமீன்கள் மடிந்துபோகும் ஆழமற்ற குட்டைகளையே மினசோட்டாவின் மீன்வளத் திணைக்களத்தார் வோலாய்க் குஞ்சு வளர்க்கும் நாற்றுமேடையாகப் பயன்படுத்துகின்றனர். குஞ்சை விழுங்கும் மீன் அங்கு எஞ்சியிராது என்பதே காரணம்.

மில் லாக்ஸ் போன்ற பேரேரிகளில் ஒட்சிசன் ஒரு பிரச்சினையன்று. அங்கு நீண்ட குளிரின் தாக்கம் இனப்பெருக்கத்திலேயே காணப்படும். இதில் விஞ்ஞானம் அண்மைக் காலத்தில் நமது சாதாரண எண்ணத்தைத் திருத்தியுள்ளது. குளிர்காலம் மீனுக்கு வெறும் உறக்ககாலம் அல்ல. பெண்மீனின் உடலில் முட்டை முதிர்வதற்கு நீண்ட குளிர் வேண்டியிருக்கிறது. ஈரி ஏரியின் மஞ்சள் பேர்ச் மீனைப் பற்றி 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குறுகிய வெப்பமான குளிர்காலத்தைக் கழித்த பெண்மீன்கள் சிறிய, சத்துக்குறைந்த முட்டைகளை இட்டன என்றும், அவற்றிலிருந்து சிறிய நலிந்த குஞ்சுகளே பொரித்தன என்றும் காட்டிற்று. நீண்ட குளிரைக் கழித்தவை இட்ட முட்டைகள் பெரியன.

பேரேரிகளின் வெண்மீனுக்கோ பனிக்கட்டி நேரடிக் காவலாகவே அமைகிறது. வோலாய் வசந்தத்தில் முட்டையிட, வெண்மீன் நவம்பரில் ஆழமற்ற கற்பார்களில் முட்டையிடும். அம்முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கல்லிடுக்கிற் கிடந்து வசந்தத்திலேயே பொரிக்கும். மேலே பனிக்கட்டி இருந்தால் புயலின் அலை கீழே எட்டாது. இல்லையேல் அலை முட்டைகளைப் பெயர்த்தெறிந்துவிடும். 2014 ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று ஐம்பேரேரிகளின் பரப்பில் 92.5 சதவீதம் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. 1979 இன் 94.7 சதவீதத்துக்கு அடுத்த நிலை அது. சுப்பீரியர் ஏரியில் யூன் மாதத் தொடக்கம்வரை பனிக்கட்டித் துண்டுகள் மிதந்தன. வலைஞருக்கு அது முடங்கிய வசந்தம். கற்பாரில் முட்டையிட்ட மீனுக்கு அமைதியான குளிர்காலம்.

வோலாய் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்ல இயலாது. பனிக்கட்டி அகன்றபின் நீர் 6 முதல் 10 பாகைவரை சூடேறும் குறுகிய காலத்தில் அது முட்டையிடுகிறது. முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் செல்லும். குஞ்சு தன் கருவுணவை உண்டு முடித்த சில நாட்களுக்குள் விலங்குப் பிளாந்தன் என்னும் நுண்ணுயிர்கள் போதிய அளவிற் பெருகியிருத்தல் வேண்டும், அன்றேற் பட்டினி. முந்தி அகலும் ஆண்டில் மார்ச் மாத வெயில் ஏரியைத் திறந்தபின், ஏப்பிரலின் குளிர் மீண்டும் வந்து நீர் சூடேறுவதை இழுத்தடிக்கும். பிந்தி அகலும் ஆண்டிலோ சூரியன் உச்சத்தை நெருங்கிவிட்டது, பகல் நீண்டுவிட்டது. நீர் தடையின்றிச் சூடேறுகிறது. மேல் மத்தியமேற்கு மாநிலங்களின் ஏரிகளை ஆராய்ந்து 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பனிக்கட்டி அகலும் நாள் முன்னேறிச் செல்லும் வேகத்துக்கு ஈடாக வோலாய் முட்டையிடும் காலம் முன்னேறவில்லை என்று கண்டது. மீன் தன் வழமையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஏரி அதைவிட்டு விலகிச் செல்கிறது. மிகப் பிந்திய ஆண்டிலும் இவ்வாறான பொருத்தமின்மை உண்டாகலாம் என்பதை மறத்தலாகாது.

தூண்டிலிடுவோருக்கு இக்குறுகிய வசந்தம் வேறொரு குழப்பத்தையும் தருகிறது. வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பைக், வோலாய், பேர்ச் மீன்களின் முட்டையிடும் பருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. திறப்பு நாளில் வோலாய் ஆழத்தில் இரைதேடாது, ஆற்றுமுகங்களிலும் கற்கரைகளிலும் குழுமி நிற்கும்; முட்டையிடும் பெண்மீன் இரையை நாடாது. கடந்த ஆண்டின் அனுபவத்தைக் கொண்டு கடந்த ஆண்டின் இடத்துக்குச் செல்பவர் வெறுங்கையோடு திரும்புவர். வெயில் நேரே படும் வடகரைக் குடாக்களும் கருஞ்சேற்று ஆழங்குறை நீர்களும் முதலிற் சூடேறுவன. அனுபவசாலிகள் அவற்றையே நாடுவர்.

இரு நாட்காட்டிகள், இரு உரிமைகள்

மில் லாக்ஸ் ஏரியில் மாநிலச் சட்டத்தின் நாட்காட்டியிலும் பழைமையான ஒன்று உண்டு. அப்பிரதேசத்தின் ஆதிக்குடிகளாகிய ஒஜிப்வே மக்கள் பனிக்கட்டி அகன்றதும் இரவில் ஆழமற்ற நீரில் வலையும் ஈட்டியும் கொண்டு வோலாய் பிடிப்பர். திகதி பார்த்து அல்ல, நீரைப் பார்த்தே அவர்கள் பருவம் தொடங்குகிறது. 1837 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், இன்றைய விஸ்கொன்சின், மினசோட்டா மாநிலங்களைச் சேர்ந்த பெருநிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, அந்நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மாநில அரசுகள் அவ்வுரிமையைக் குற்றமாக நடத்தின. 1983 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று விஸ்கொன்சின் தொடர்பில் அதை ஏற்றது. தொடர்ந்த ஆண்டுகளின் வசந்த இரவுகளில் அங்கு வள்ளத்துறைகளில் ஆதிக்குடி மீனவர் மீது கூச்சலும் கல்லெறியும் நிகழ்ந்தன. மினசோட்டா தொடர்பில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1999 இல், ஐவர் எதிர் நால்வர் என்ற பெரும்பான்மையில், ஒப்பந்த உரிமை இன்றும் உயிருள்ளது எனத் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் விளைவாக, ஏரியில் ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதைக் கணித்து மாநிலமும் எட்டு ஒஜிப்வேக் குடிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2013 இற்குரிய மொத்தம் 250,000 இறாத்தல். அதில் மாநிலத்தின் தூண்டிற்காரருக்கு 178,750; குடிகளுக்கு 71,250. வழக்கமான ஆண்டில் குடிகளின் வசந்த மீன்பிடி திறப்பு நாளுக்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடும். பனிக்கட்டி பிந்துமாயின் இவ்விடைவெளி மறைகிறது. நீர் விரைந்து சூடேறுவதால் வலைக்குரிய இரவுகளும் குறைகின்றன. இருதரப்பாரும் ஒரே கரையில், ஒரே வாரத்தில், ஒரே மீனை நாடி நிற்க நேர்கிறது. ஐயமும் வெறுப்பும் ஏற்கெனவே புகைந்த இடத்தில், காலநிலை எண்ணெய் ஊற்றுகிறது எனலாம்.

ஏரியில் வோலாய் குறைந்துவருவதற்குக் காரணம், முட்டையிடும் மீனை ஒஜிப்வே மக்கள் வலையிற் பிடிப்பதே என்ற குற்றச்சாட்டு அக்கரைகளில் நெடுங்காலம் ஒலித்தது. ஆனால் மீன்வளத் திணைக்களத்தின் கணிப்புகள் வேறொன்றைக் காட்டின. முட்டைக்கும் குஞ்சுக்கும் குறைவில்லை. பிறந்த குஞ்சுகள் இரண்டாவது இலையுதிர்காலத்தைத் தாண்டி வாழவில்லை என்பதே சிக்கல். 1990 களிலிருந்து நீர் தெளிந்துகொண்டே வந்தது. 2005 இல் வரிமட்டியும் 2009 இல் முள்வால் நீர்ப்பூச்சியும் அவ்வேரியிற் கண்டறியப்பட்டன; வேறு கண்டத்திலிருந்து கப்பல் நீரோடு பேரேரிகளுக்கு வந்தவை இவ்விரண்டும். ஒன்று பிளாந்தனை வடித்தெடுக்கிறது. மற்றது விலங்குப் பிளாந்தனை வேட்டையாடுகிறது. தெளிந்த நீரில் மங்கொளிக்குரிய வோலாய்க்கு ஒதுங்க இடம் குறைகிறது, இளமீன் பெருமீனின் கண்ணிற் படுகிறது. வணிகக் கப்பல் ஏற்றிவந்த பழியை ஈட்டி ஏந்திய கையின்மேற் போடுவது எளிதாயிருந்தது.

இந்நிலையிலேதான் 2013 ஆம் ஆண்டின் இரண்டாவது முகம் வெளிப்பட்டது. பனிக்கட்டி மே நடுப்பகுதிவரை நின்று, திறப்பு நாளைக் கெடுத்து, கரையோர வீடுகளை உடைத்த அதே வசந்தத்திற் பிறந்த வோலாய்த் தொகுதி, 2008 இற்குப் பின் அவ்வேரியில் வலுவாகப் பிழைத்தெழுந்த தொகுதியாக அமைந்தது. மீனியலார் ஒரே ஆண்டிற் பிறந்தவற்றை ஆண்டுத்தொகுதி என வழங்குவர். ஏரியின் மீன்வளம் இத்தகைய சில நல்ல தொகுதிகளின் மீதே பல்லாண்டு நிற்கும். பிந்திய பனிக்கட்டியே இத்தொகுதியை உண்டாக்கிற்று என அறுதியிட்டுக் கூறுவது தவறாகும். ஓராண்டின் ஒரு நிகழ்ச்சி விதியாகாது. குஞ்சு எவ்வாண்டும் போதியளவு பொரிக்கிறது என மேலே கண்டோம். ஆனால் மீன்பிடிப்போர் பாழ் எனக் கணக்கிட்ட ஆண்டு, மீனின் கணக்கிற் பாழன்று என்பதை மறுப்பதற்கில்லை.

அதன் பயன் உடனே கைக்கு வரவில்லை. மொத்தப் பங்கு 2014 இல் 60,000 இறாத்தலாகவும் 2015 இல் 40,000 இறாத்தலாகவும் வெட்டப்பட்டது. 2015 இல் மாநிலத்துக்குரிய 28,600 இறாத்தல் கோடை முடியுமுன்னரே தீர்ந்துபோக, ஓகஸ்ட் 3 அன்று வோலாய் மீன்பிடி மூடப்பட்டது. ஏரியிற் பனிக்கட்டி இல்லை, வெயில் நன்றாயிருந்தது, வள்ளங்கள் துறையிற் கட்டிக் கிடந்தன. 2016 முதல் 2018 வரை திறந்தநீர்ப் பருவங்களில், பிடித்த வோலாயை உயிருடன் மீண்டும் நீரில் விடவேண்டும் என்பது ஒழுங்கு. 2013 இன் தொகுதி முதிர்ந்து முட்டையிடும்வரை அதைக் காப்பதே நோக்கம். 2019 இன் வசந்தத்திலேயே 21 முதல் 23 அங்குலம்வரை நீளமுள்ள ஒரு மீனை வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தூண்டிற்காரருக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.